ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை

டெல்லி ஜனக்புரியில் எங்கள் மாடிவீட்டுப் புதுமணத் தம்பதி தேனிலவுக்குச் சென்னை கிளம்பினார்கள். "நீங்க மெட்ராஸ்தானே அக்கா? ஆள் நடமாட்டமே இல்லாத பீச் சொல்லுங்க," என்றான் கணவன். கோவளத்தைத் தாண்டிய சவுக்குத்தோப்புக் கரையைச் சொன்னேன்.

தேநீர் போடும்போது அந்தப் பெண் சமையலறைக்குள் வந்தாள். "கூட்டமான இடமா சொல்லுங்க அக்கா. தனியா இருந்தா அவர் வேற மாதிரி ஆயிடறார்." அவள் கையில் விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது.

"போகாதேம்மா."

"எங்க அப்பாகிட்ட சொன்னாலும் கேக்க மாட்டார் அக்கா, போய்த்தான் ஆகணும்பார்."

திருவான்மியூரில் இருக்கும் என் அம்மாவின் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அவளிடம் கொடுத்தேன். கூடத்துக்கு வந்து, "தோப்புப் பக்கம் அலை மோசம், மெரினா போங்க," என்று பொய் சொன்னேன்.

அவன் சிரித்தான். "பரவால்ல, அங்கேயே போறோம்."

அடுத்த வாரம் அம்மா அழைத்தாள். "அந்தப் பொண்ணு வந்திருக்கா. கால்ல செருப்புகூட இல்ல. கதவைத் தாழ் போட்டுட்டேன்."

இப்போதெல்லாம் தம்பதியாக யார் வந்தாலும், பேசாமல் இருப்பவரைத்தான் முதலில் பார்க்கிறேன்.