டிக்கெட் அவருடையது, நம்பர் என்னுடையது

விமான டிக்கெட் விற்கிற தொழிலில் வானத்தை நிமிர்ந்து பார்க்கவே தோன்றாது. மேலே போகிறவன் எவனாக இருந்தாலும் என்னைத் திட்டிக்கொண்டுதான் போகிறான் என்று தெரியும்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் என் கடை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் விழுப்புரத்தில் ஆம்னி பஸ் பூத்தில் உட்கார்ந்து டிக்கெட் எழுதினவள் நான். பத்தாவதைத் தாண்டவில்லை. பேரம் பேசத் தெரியும், சத்தம் போடத் தெரியும். இந்த ரெண்டை வைத்துத்தான் கடை போட்டேன். மலிவு விமானத்தில் போய் முட்டி இடித்துக்கொண்டவர்கள், வழியனுப்பப் போய் வெயிலில் காய்ந்தவர்கள், டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு வசவு வாங்கினவர்கள் எல்லாரும் நம்ம ஜாதிதான். உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சவரிமுத்து என்று ஒருவர், பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து சேர நான் போட்டுக் கொடுத்த டிக்கெட் ஒன்று என் மனசைப் போட்டு அறுக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு பிரியாணி

டிக்கெட் போடும்போது விமானக் கம்பெனி ஒரு போன் நம்பர் கேட்கும். நேரம் மாறினால், தேதி மாறினால், விமானமே இல்லை என்றால், எல்லாச் சேதியும் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆரம்பத்தில் நான் யோக்கியமாகப் பயணியின் நம்பரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற ஒருத்தர் மூன்று தடவை என்னிடம் டிக்கெட் எடுத்தார். நாலாவது தடவை ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தேன். கம்பெனியே நேராக அவர் போனுக்குச் சலுகை விலையை அனுப்பியிருக்கிறது. நான் வைத்த லாபம் எவ்வளவு என்பதும் அதில் அவருக்கு விளங்கிவிட்டது. "ஏன் சார், மூணு தடவை நான் வேணும், இப்ப மட்டும் வேணாமா?" என்று நடு பஸ் ஸ்டாண்டில் கத்தினேன். மனுஷன் கூச்சப்படக்கூட இல்லை.

"கோவிச்சுக்காதம்மா. உன் கமிஷனை மிச்சம் பண்ணா எங்க வீட்டுக்கே ஒரு பக்கெட் பிரியாணி வருது."

சாம்பல் புதனுக்கு முந்தி

அந்தப் பிரியாணிக்குப் பிறகு எல்லா டிக்கெட்டிலும் என் நம்பர்தான். பயணிக்குச் சேதி போக வேண்டுமென்றால் அது என் வழியாகப் போகட்டும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் பிலோமினா கடைக்கு வந்தாள். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் சவரிமுத்து குவைத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஒரே பெண் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் பூசை. அந்த வாரம் புதன்கிழமை சாம்பல் புதன். அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், அவர்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்கோ கப்பலில் வேலை, ஈஸ்டருக்கு முன்னாலேயே ஏறியாக வேண்டும். ஆக, அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் குவைத்திலிருந்து சவரிமுத்து பேசினார். வியாழக்கிழமை ஒரு நல்ல விமானம் இருந்தது, சாப்பாடு போட்டு முப்பது கிலோ பெட்டியும் ஏற்றுவான். அவர் அதைத்தான் கேட்டார். நான்தான் சனிக்கிழமை மலிவு விமானத்தைத் தள்ளிவிட்டேன். "விலை பாதிதாண்ணே. ஞாயித்துக்கிழமை விடிகாலை மெட்ராஸ். திங்கக்கிழமை கல்யாணம். ரெண்டு நாள் முந்தி வந்து பந்தல்கால எண்ணப் போறீங்களா? அந்த லீவைக் கல்யாணத்துக்குப் பின்னாடி வெச்சுக்கங்க." விலை பாதி என்பது நிஜம். அதில் எனக்கு நிற்கிற லாபம் ரெண்டு மடங்கு என்பதும் நிஜம்.

"சரி தங்கச்சி. நீ நம்ம ஊருப் பொண்ணு, எனக்குக் கெடுதியா சொல்லப் போற? பாத்துப் போடு."

மூணு சட்டை

பனமலைப் பக்கத்து விவசாயி ஏகாம்பரம், டெல்லியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார். மலிவு டிக்கெட்டில் கைப்பை ஏழு கிலோதான், பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். "உங்களுக்கு எதுக்குப் பெட்டி?" என்று கேட்டு அந்தச் செலவை நான்தான் வெட்டினேன். அவரோ கேப்பை மாவு நாலு கிலோ, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வறுத்தது அஞ்சு கிலோ, அதன்மேல் துணிமணி என்று அமுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏர்போர்ட்டிலிருந்து போன். "கவுண்டர்ல அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்றேன். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் "நன்றி மேடம்" என்றாள். அங்கே என் தொண்டைக்கு மதிப்பே இல்லை. கடைசியில் ஏகாம்பரம் மூன்று சட்டையும் ரெண்டு வேட்டியும் மேலேயே மாட்டிக்கொண்டு, மல்லாட்டையை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு ஏறியிருக்கிறார். திரும்பி வந்ததும் நேராகக் கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"கேப்ப மாவு போயி சேந்துச்சிம்மா. மல்லாட்டய எட போட்டு ஏத்தமாட்டேன்னுச்சே அந்தப் பொண்ணு, அதுவும் ரெண்டு கை வாங்கித் துன்னுக்கினுதான் இருந்திச்சி."

இன்னொரு வேன்

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். முன்னெல்லாம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவர்கள் இப்போது வருஷா வருஷம் வருகிறார்கள். குழந்தை அப்பனைப் பார்த்து யாரோ என்று அழுவது குறைந்திருக்கிறது. அதைச் செய்தது இந்த மலிவு டிக்கெட்தான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் கடையைத் திறக்கிறேன்.

ஆனால் மிச்சம் பிடித்த காசு நம்ம ஆட்களிடம் நிற்காது. அனந்தபுரத்திலிருந்து ஒருத்தர் மஸ்கட் போனார். நான் மூன்று நாள் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அவரை வழியனுப்ப மாமனார், மச்சான், பங்காளி, பக்கத்து வீடு என்று பதினாறு பேர் வேன் வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் போனார்கள். விமானம் அஞ்சு மணி நேரம் லேட். வேனுக்குக் காத்திருப்பு, பார்க்கிங், பதினாறு பேருக்கும் டீ, டிபன். டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. அந்த வேன் டிரைவர் மறுநாள் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, நீங்க இதே மாதிரி மலிவா போட்டுக்கினே இருங்க, நான் ஜல்தியா இன்னொரு வேன் எடுத்துடுறேன்."

போர்டில் இல்லாத விமானம்

கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம். கடையில் கூட்டம். குவைத் ஏர்போர்ட்டிலிருந்து சவரிமுத்து கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க போர்டுல நம்ம ஃப்ளைட்டே இல்லியே. கவுண்டர்லயும் ஆள் இல்ல." நான் போனில் பழைய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளித் தேடினேன். கடன் வேணுமா, நகை வாங்குங்க, மனை விற்பனை, அதற்கு நடுவில் அது இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முந்தி வந்தது. சனிக்கிழமை விமானம் ரத்து, உங்கள் பயணம் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு மாற்றப்பட்டிருக்கிறது, ஒத்துவராவிட்டால் கட்டணம் இல்லாமல் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருந்தான். அவனே வெள்ளிக்கிழமை ஒரு விமானம் விட்டிருக்கிறான். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். நான் அதைத் திறக்கவே இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்றது ஒரு குரல். பேரம் படியாத ஆளை நான் பார்த்ததில்லை, அந்தக் குரலைத் தவிர. மற்ற கம்பெனிகளைத் துழாவினேன். எல்லாம் நிரம்பி, கிடைத்தது ஒரே சீட். எங்கேயோ சுற்றிக்கொண்டு திங்கட்கிழமை ராத்திரி மெட்ராஸில் இறங்குவது, நாலு மடங்கு விலை. "என் கைக்காசுல போடுறேண்ணே, வந்துடுங்க" என்றேன். சவரிமுத்து கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்குப் பழக்கம்.

"பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போன பின்னாடி நான் திங்கக்கெழம வந்தா இன்னா, புதன்கெழம வந்தா இன்னா? உன் காசை எதுக்கு வீணாக்குற தங்கச்சி, வை."

முன் வரிசை

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கோயில் வாசலில் பிலோமினா என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தாள். எனக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அது யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவைத் தாய்மாமன் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

குவைத்திலிருந்து சவரிமுத்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அங்கே ஒரு அறையில் கட்டில் ஓரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிலோமினா போனைப் பீடத்தின் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் நெட் போய்விட்டது. பூசை முடிந்து கீழே இறங்கி வந்த பெண், புதுத் தாலியோடு, மாலையோடு, நேராக அம்மாவிடம் போய்ப் போனை வாங்கிப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் டிக்கெட் கடை வைத்திருக்கிற நான்தான் இதெல்லாம் தெரிந்தவள் என்று நினைத்திருக்கிறாள். என்னிடம் நீட்டினாள்.

"அத்தே, அப்பா மூஞ்சி அப்படியே நின்னுபோச்சி. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்."

நெற்றியில் சாம்பல்

புதன்கிழமை விடிகாலை விமானம் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே இறங்கியது. அந்தக் கம்பெனிக்கு அன்றைக்குத்தான் சுறுசுறுப்பு.

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். கோயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார் சவரிமுத்து. அவரை அப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். மெலிந்த ஆள், நெற்றியில் சாம்பல் சிலுவை. ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை மேஜைமேல் வைத்தார். நான் பதில் தயாராக வைத்திருந்தேன். கம்பெனிதான் மாற்றினான், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான், மலிவு என்றால் அப்படித்தான் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டேன். "மெசேஜ் எனக்கு வந்துச்சிண்ணே. பன்னெண்டு நாள் என் போன்லயே கெடந்துச்சி. உங்க நம்பரப் போட்டிருந்தா நீங்க பாத்திருப்பீங்க. நான்தான் என்னுதப் போட்டேன்" என்றேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன், பிரியாணிக் கதை உட்பட.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். லீவு முடிய இன்னும் பதினாலு நாள்தான்.

"திரும்பிப் போற டிக்கெட்டயும் நீயே போடு தங்கச்சி. நம்பரு மட்டும் என்னுதப் போடு."

தண்ணிக்குத் தனி, சீட்டுக்குத் தனி, பெட்டிக்குத் தனி என்று ஒவ்வொன்றுக்கும் கறாராகக் காசு வாங்குகிற தொழிலில், என்னிடம் வாங்க வேண்டியதை மட்டும் அந்த மனுஷன் வாங்காமல் எழுந்து போய்விட்டார்.