இரண்டு முறை முங்கிய குடுக்கை

எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில், கிழிந்த வாலிபால் வலைக்கு மேலே, மூன்று சுரைக்குடுக்கைகள் ஆணியில் தொங்கும். பெரியது, நடுத்தரம், சிறியது. கணக்கு வாத்தியாராகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான், ட்ரில் வாத்தியாருக்குச் சங்கீதத்தில் ஏதோ கிறுக்கு இருக்கிறது, தம்பூரா செய்யக் காயப்போட்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் கிணற்றில் மூழ்குகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிகளிலும் யார் வீட்டு அண்டாவோ, சில சமயம் ஆளோ கிணற்றுக்குள் போய்விட்டால், சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குத்தான் வருவார்கள். கடலைக் கண்ணால் கண்டிராதவர், வேடசந்தூர்ப் பக்கத்து வறண்ட மண்ணில் பிறந்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு, நான் நிதானமாக நூற்றுப்பத்து எண்ணும் வரை அடியில் இருப்பார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினால் அதன்பின் அவரிடமிருந்து மேலே வருகிற ஒரே சேதி அந்தக் குடுக்கைதான்.

ஏற்பாடு எளிமையானது. கயிற்றின் ஒரு முனையில் கல், மறுமுனையில் குடுக்கை. கல் அடியில் உட்காரும், குடுக்கை மேலே மிதக்கும். நடுவில் நிமிர்ந்து நிற்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்குவார். தரையைத் தொட்டதும் கயிற்றை ஒரு தடவை இழுப்பார், குடுக்கை ஒரு முறை முங்கி எழும். தேடியது கிடைத்தால் இரண்டு தடவை. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும், கண்ணை எடுக்காமல் பார்க்கத் தெரியும். அதனால் படியில் நின்று குடுக்கையைப் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

குடுக்கையைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பெண் பார்ப்பதைவிட அதிகம் மெனக்கெடுவார். தண்ணீரில் கையால் அழுத்தி, அது எவ்வளவு திமிறுகிறது என்று பார்ப்பார். "மிதப்பு பெருசா இருந்தா நான் கீழ இழுக்குறது மேல தெரியாது சார். சிறுசா இருந்தா கயிறு நனைஞ்ச கனமே அதை முழுங்கிரும்" என்பார். பாதி வெளியே, பாதி உள்ளே நிற்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு. கயிறு விஷயத்தில்தான் எப்போதும் தகராறு. அவருக்குப் பிடித்தது பல வருஷம் நனைந்து காய்ந்து பதமான நூல் கயிறு. தேங்காய் நார்க் கயிறு மிதக்கும், தொய்ந்தால் காலைச் சுற்றும். அதிலும் புதுசு என்றால் ஆகவே ஆகாது. "புதுக் கயிறு சொன்ன பேச்சு கேக்காது. முறுக்கு அடங்கியிருக்காது" என்பார். ஆனால் அவர் தன்னுடைய கயிற்றை எங்கும் கொண்டுபோக முடியாது. ஒரு கிணற்றில் பிணத்தைத் தொட்ட கயிறு இன்னொரு கிணற்றின் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மேலே மிதக்கிற குடுக்கைக்குத் தீட்டில்லை, அடிக்குப் போகிற கயிற்றுக்குத்தான் உண்டு. பிணம் தேடி இறங்கிய கயிற்றை, பிணம் கிடைக்காவிட்டாலும், திரும்ப எடுக்கவும் மாட்டார்கள், கல்லோடு கிணற்றிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் தண்ணீர் இறைக்கிற கயிற்றைக் கொடுக்க எந்த வீட்டுக்கும் மனம் வராது. சந்தையிலிருந்து புதுக் கயிறு வாங்கி வந்து நீட்டுவார்கள். ட்ரில் வாத்தியார் அரை மணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு பழைய கயிற்றை வாங்காமல் இறங்கியதில்லை. ஒரே ஒரு நாள் தவிர. அதற்கும் காரணம் நான்தான்.

அன்று முற்பகல் சம்பங்கித் தோட்டக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதல்நாள் விடியலில் பூப்பறிக்கப் போன தங்கையைக் காணவில்லை, பூக்கூடை மட்டும் கிணற்றுப் படியில் இருக்கிறது என்றார். நாங்கள் போனபோது கிணற்றைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. பறிக்காமல் விட்ட பூவின் வாசனை வெயிலில் தலையைச் சுற்றவைத்தது. பெண்ணின் தாய் மட்டும் மாடு கட்டி இறைக்கிற கமலைக்கல்லைப் பிடித்துக்கொண்டு தெளிவாக நின்றார். "எம்புள்ள இதுக்குள்ள இல்ல சாமி. எங்கயோ உசுரோட இருக்கா. எறங்கிப் பாத்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, அது போதும்" என்றார். அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அண்ணன்காரர் புது நார்க் கயிற்றை நீட்டினார். ட்ரில் வாத்தியார் வழக்கம்போல் தலையாட்டி மறுத்தார். பழைய கயிறு கேட்டதும் அந்த மனிதர் கண் கலங்கிவிட்டது. "வீட்டுக் கயித்தயே கெணத்துல விட்டுக் குடுத்தா தங்கச்சி செத்தான்னு நாங்களே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்யா" என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. "ஒரு தடவைதானே சார், அவங்க மனசு நோக வேண்டாமே" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றை வாங்கிக் கல்லைக் கட்டினார்.

இறங்கினார். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தெட்டில் குடுக்கை ஒரு முறை முங்கியது, தரை தொட்டுவிட்டார். பிறகு அது மெல்லச் சுழல ஆரம்பித்தது. காற்று இல்லை, தண்ணீரில் வேறு அசைவும் இல்லை. குடுக்கை மட்டும் தன் போக்கில், யாரோ கீழிருந்து திருகுவதுபோலச் சுற்றி வந்து நின்றது. எழுபத்திரண்டில் முங்கியது. எழுந்தது. மறுபடி முங்கியது. இரண்டு தடவை, சீராக, அவர் இழுப்பது போலவே. நான் கையைத் தூக்கிவிட்டேன். கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அங்கே எல்லோருக்கும் முன்னமே சொல்லியிருந்தோம். கூட்டத்திலிருந்து ஓலம் எழுந்தது. தாய் அழவில்லை. என் கையையும் குடுக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அந்த ஓலம் அடங்குவதற்குள் ட்ரில் வாத்தியார் கிணற்றின் எதிர்ப்பக்கச் சுவரோரம் மேலே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "யாரும் இல்ல. அடி முழுக்கத் துழாவிட்டேன். வெறும் சேறு" என்றார். கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து கையை முறுக்கியதால், தரையைத் தொட்டதுமே அதை விட்டுவிட்டாராம். இழுத்தது ஒரே தடவை, அதன்பின் தொடவே இல்லை என்றார். படியேறி வந்து என் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டினார். அப்போது, கிணற்றுக்குள் யாருமே இல்லாத அந்த நேரத்தில், குடுக்கை மறுபடி இரண்டு முறை முங்கி எழுந்தது. ஊரே பார்த்தது. ட்ரில் வாத்தியார் துண்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப இறங்கினார். நூற்று முப்பது வரை எண்ணினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேலே வந்து, இல்லை என்றே சொன்னார். அந்த அம்மாளின் காலடியில் போய் உட்கார்ந்து மூன்று தடவை சொன்னார். அந்த அம்மாள் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். ஆனால் அது அவர் காதில் ஏறுகிற நேரம் கடந்துபோயிருந்தது.

மறுவாரம் பள்ளிக்கூடக் கிணற்றில் ஒரு புது நார்க் கயிற்றைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். முறுக்கு விடும்போது கயிறு புரி விழுந்து குறுகும், அப்போது குடுக்கையை உள்ளே இழுக்கும் என்றார் ட்ரில் வாத்தியார். அவர் சொன்னபடியே நடந்தது. சுழன்றது, சாய்ந்தது, முங்கியது. ஆனால் மாலை வரை காத்திருந்தும் அப்படி இரண்டே முறை, சீராக, ஒருபோதும் முங்கவில்லை. "இனிமே கை தூக்காதீங்க சார். எதுவா இருந்தாலும் நான் மேல வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வீட்டில் கருமாதி நடந்தது. தாய் வெள்ளிதோறும் கிணற்றில் ஒரு கை சம்பங்கியைப் போட்டு வந்தார் என்று கேள்விப்பட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, மழை பொய்த்த ஒரு கோடையில், அதே அண்ணன்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தங்கை வந்திருக்கிறாள் என்றார். சேலை விற்க வந்த சின்னாளப்பட்டி நெசவாளி ஒருவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பயத்தில் தகவல் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். "ஆத்தா வீட்டுக்குள்ள விட மாட்டேங்குது. எம்மக கெணத்துல இருக்கா, நீ யாருன்னு கேக்குது. நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லுங்கய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

போனோம். வாசலில், உச்சி வெயிலில், அந்தப் பெண் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். தாய் நிலைப்படியை மறித்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சொல்லியும், "குடுக்க ரெண்டு தடவ முங்குச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்பதே பதில். கடைசியில் ட்ரில் வாத்தியார் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். கிணறு ஒரு சொட்டு இல்லாமல் வற்றிக் கிடந்தது. அவர் படியிறங்கி, வெடித்த சேற்றின்மேல் நடந்து, நாங்கள் விட்டுவந்த கல்லைத் தூக்கிக் காட்டினார். அதில் அந்தக் கயிறு புரிபுரியாகச் சுருண்டு ஒட்டியிருந்தது. "பாத்துக்கங்கம்மா. கல்லு, கயிறு. வேற ஒண்ணுமே இல்ல" என்று கீழிருந்து கத்தினார். ஒரு எலும்பு இல்லை, ஒரு வளையல் துண்டு இல்லை.

தாய் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அவர் முகம் இளகியதைப் பார்த்ததும், அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. மகளின் கூந்தலைக் கையில் அள்ளி அடிமுதல் நுனிவரை தடவிப் பார்த்தார்.

"எப்ப மேல வந்த?" என்றார்.

"ஆத்தா, நான் அதுல விழுகவே இல்ல ஆத்தா."

"சரி, சரி. தலைய நல்லாத் தொவட்டு. புள்ளைக்குச் சளி புடிக்கும்." முந்தானையை எடுத்து, காய்ந்து பறந்துகொண்டிருந்த அந்தக் கூந்தலைத் தாமே அழுத்தி அழுத்தித் துடைத்தார். குழந்தையை வாங்கி அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மகள் எங்களைப் பார்த்தாள். அண்ணன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கிணற்றுக்குள் ட்ரில் வாத்தியார் கல்லைக் கீழே வைக்காமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

வீட்டுப் பக்கம் இரண்டடி நடந்த தாய் நின்று, என்னை அடையாளம் கண்டுகொண்டார். திரும்பி வந்து என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்கதான கை தூக்குனீக? எல்லாரும் இல்ல இல்லன்னாக. நீங்க ஒருத்தர்தான் பாத்துச் சொன்னீக. இல்லாட்டி எம்புள்ள இன்னும் உள்ளயே கெடந்திருப்பா."