ஐந்தாவது பாட்டில்

மல்லசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினாறு வருடமாக வேதியியல் நடத்துகிறவள் ரஞ்சிதா. அத்தனை வருடமும் சோதனையெல்லாம் கரும்பலகையில்தான். நாற்பத்து மூன்று வயதில், ஒரு மே மாதம், பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆய்வு செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைக் கையில் பிடித்த முதல் நாள் அழுதேவிட்டாள். அழ மாட்டாளா பின்னே?

அவள் எடுத்துக்கொண்ட வேலை ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக் கழிவு அதில் இறங்குவது ஊருக்கே தெரியும். எழுதிக் காட்டத்தான் ஆளில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றார்கள். கேட்டால்தானே! மாதம் முடிவதற்குள் தண்ணீரை அங்கே கொடுத்தாக வேண்டும். அது கெடாமலிருக்க, ஆய்வகத்திலேயே பாட்டிலுக்குள் கொஞ்சம் அமிலம் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள்.

முப்பதாம் தேதி காலை, நாலு பாட்டில் நிரப்பியிருந்தாள். ஆலையில் வேலை செய்யும் வீரன் இரும்புக் கம்பியோடு வந்தான்.

"ஆரக் கேட்டு மோந்தீங்க?"

"ஊருக் கெணறுதான சாமி?"

கம்பியை வீசினான். நாலும் நொறுங்கின. இன்னும் தண்ணீர் நிரப்பாத ஐந்தாவதை வலது கையால் மார்போடு அணைத்துக்கொண்டாள். படுபாவி, அந்தக் கையைப் பார்த்தே அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை விலாவில் உதைத்துப் பாட்டிலைப் பிடுங்கினான்.

"நல்ல தண்ணிய வெசம்னு எழுதுவியா? எம் புள்ள இதத்தான் குடிக்குது. பாரு!"

வாளியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அண்ணாந்தான்.

அடியில் அமிலம் இருப்பது அவனுக்குத் தெரியாது. குடிக்கட்டுமே என்று அவளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. அடுத்த கணம் பாய்ந்து, இடது கையால் பளாரென்று தட்டிவிட்டாள். பாட்டில் கல்லில் மோதிச் சிதறியது. தெறித்தது அவன் கழுத்தில் பட்டுத் தோல் வெந்தது.

"ஆசிட் ஊத்திட்டா!" என்று அலறிக்கொண்டே அவள் முகத்தில் குத்தினான். முன்பல் ஒன்று போயிற்று.

ஆஸ்பத்திரியில், டீச்சர் ஆசிட் வீசினாள் என்று எழுதின புகாரை ஆலை முதலாளி வீரனிடம் நீட்டினார். வீரன் எதிர்க்கட்டிலில் கைக்கட்டோடு கிடந்த ரஞ்சிதாவைப் பார்த்தான்.

"ஏனுங்க டீச்சர், அது மொதல்லயே பாட்டில்ல இருந்துச்சுங்களா?"

"ஆமா. தண்ணி கெடாம இருக்க ஊத்தறது."

"நான் குடிச்சிருந்தா?"

"தொண்ட வெந்து போயிருக்கும்."

அவன் புகாரை முதலாளியிடமே திருப்பி நீட்டினான். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் மாதக் கடைசி. கழுத்தில் கட்டோடு வந்து, அவள் கட்டிலருகே ஒரு புதுப் பாட்டிலை வைத்தான்.

"எங்கூட்டுக் கொடத்துத் தண்ணிங்க. எம் பொண்ணு குடிக்கறது. ஆசிட்ட நீங்களே ஊத்திக்கங்க."

ரஞ்சிதா அவனை மன்னிக்கவில்லை. பேனாவை எடுத்து இடது கையால் நீட்டினாள்.

"தேதியும் நேரமும் எழுதி ஒட்டுடா."