ஐந்து சதவீதத்தில் எடுத்த படம்

எங்கள் லேப்டாப் வெறும் மேசையில் உட்காராது. கலர் பாட்டிலின் மூடிகள் நான்கை மூலைக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, அவற்றின்மேல் அதை இறக்கி, அடியில் விரலை நுழைத்துக் காற்று போகிறதா என்று பார்த்த பிறகுதான் வீடியோ அண்ணன் நிமிர்வார். "மகாராணி சிம்மாசனம் ஏறியாச்சு, நீ ஆரம்பி தங்கச்சி" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் சொல்லிக்கொடுத்த வேலையை என்னிடமே தான் கண்டுபிடித்ததுபோல் செய்துகாட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். ஆனால் மூடி வைக்கும் யோசனை அவருடையது. அதை நான் மறுத்ததில்லை.

அது 2009ஆம் ஆண்டு. ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக ஊர் ஊராகப் போய் விவரம் பதிந்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்து, கட்டைவிரல் ரேகை வாங்கிவருவது எங்கள் வேலை. தேனியிலிருந்த அலுவலகத்தில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்குத் துணையாக வந்தவர் கம்பத்துக்காரர். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர், முகூர்த்தம் இல்லாத மாதங்களை ஓட்ட இந்த வேலைக்கு வந்தவர். எங்களுக்கு வாய்த்த லேப்டாப் ஐந்து வருடம் யார் யாரிடமோ அடிபட்டு வந்தது. பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. முழுதாக சார்ஜ் ஏற்றினால் நாற்பத்தெட்டு நிமிடம் நிற்கும். ஊர்களிலோ பகலில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம். கேட்டால் அலுவலகத்தில், "புதுசு வரும்மா, வரும்" என்றார்கள். வரவில்லை. எனவே அந்த நாற்பத்தெட்டை எப்படி இழுப்பது என்பது என் சொந்தப் பிரச்சினையாகிவிட்டது. எனக்கு ஒரு பிரச்சினை சொந்தமாகிவிட்டால் அதற்கு அப்புறம் விடுதலை கிடையாது.

முதலில் நானே ஒரு தப்புச் செய்தேன். நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில், பேட்டரியை அவ்வப்போது சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்றினால் ஆயுள் கூடும் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிறுதோறும் விரதம்போல அதைச் செய்தேன். ஒரு மாதத்தில் நாற்பத்தெட்டு நாற்பத்தொன்று ஆனது. விரதத்தை விட்டேன். அதற்குப் பிறகு எதையும் கேள்விப்பட்டு நம்பவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். திரையின் வெளிச்சத்தைக் கால்வாசியாக்கினால் ஒன்பது நிமிடம் மிச்சம். ரேகைக் கருவியை வேலை முடிந்ததும் பிடுங்கிவிட்டால் நான்கு. படம் எடுக்கும் சின்னக் கேமராவையும் அப்படியே. வயரில்லா இணைப்பின் சுவிட்சை அணைத்தால் ஐந்து. பஸ்ஸில் என்ஜினை ஒட்டிய சீட்டில் லேப்டாப் பையை வைக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் விவரத்தை முதலில் தாளில் எழுதிச் சரிபார்த்துவிட்டால் திரைக்கு முன்னால் உட்கார்ந்து "பேரு என்ன, வயசு என்ன" என்று இழுக்க வேண்டியதில்லை. இருட்டுத் திரையில் எழுத்துத் தெரியாது என்பதால் என் தலைக்கு மேல் கறுப்புக் குடை பிடிப்பது வீடியோ அண்ணன் வேலை. "பொண்ணு அழைப்புக்குக்கூட நான் கொடை பிடிச்சதில்ல" என்று முனகிக்கொண்டே பிடிப்பார். ஆறு வாரத்தில் அந்தக் கிழட்டு லேப்டாப்பை ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். மற்ற குழுக்கள் புது லேப்டாப்பிலும் அவ்வளவு எடுக்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

நாங்கள் கணக்கில் வைக்காத எதிரி, ஊர்க்காரர்களின் உபசாரம். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்த அம்மாள், "அய்யய்யோ, இப்படிக் கொதிக்குதே" என்று பதறி, உள்ளே போய் உறை மாற்றிய புதுத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்துவிட்டார். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று சும்மா இருந்தேன். காற்றுப் போகும் ஓட்டை அடைபட்டு, உள்ளிருக்கும் காற்றாடி கத்து கத்தென்று கத்தி, அரைமணி நேரத்தில் பேட்டரி படுத்துவிட்டது. அந்த அம்மாள், "மெத்தையில படுத்ததும் தூங்கிப்போச்சு பாரு" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பெட்டிக்கடையில் அவர் கேட்டு வாங்கிவந்தவைதான் அந்த நான்கு மூடிகள்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்றே ஒன்று. படம். அட்டையில் வரப்போவது தீப்பெட்டி அளவுப் படம். ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. அவரோ சட்டைக் காலரைச் சரிசெய்வார், பாட்டிகளைச் சிரிக்க வைப்பார், குட்டைப் பிள்ளையை ஸ்டூலில் ஏற்றுவார். கேமரா அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டிருக்கும். "அண்ணே, இது கல்யாண ஆல்பம் இல்ல" என்பேன். "படம்னா மூஞ்சி தெரியணும் தங்கச்சி. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்பார். தினமும் ஒரு தடவையாவது இந்தச் சண்டை வரும்.

அனுமந்தன்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முகாம் போட்ட சனிக்கிழமையைத்தான் நான் சொல்ல வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அடித்த கோடைக் காற்றில் வாழைத் தோட்டங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்திருந்தன. கூடவே இரண்டு கரண்ட் கம்பங்களும் சாய்ந்துவிட்டதால் ஊரில் கரண்டே இல்லை. அன்று வராது என்றும் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் இருபத்தொன்பது குடும்பங்கள் வரிசையில் நின்றன. நாங்கள் வந்த உடனே வெள்ளைப் புடவைக்காரியான ஒரு பாட்டியை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். இடுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை. அந்த வயதுக்கு இடுப்பில் ஏறக் கூடாத பிள்ளை. உதடு நாவல் பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது. இதயத்தில் ஓட்டை. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் நாங்கள் தேனியில் பதிவை ஒப்படைத்தால் திங்கட்கிழமை அச்சுக்குப் போகும் தொகுதியில் அட்டை வந்துவிடும். தவறினால் அடுத்த தொகுதி இரண்டு மாதம் கழித்துத்தான். குடும்பத்தில் எல்லாரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தையின் அப்பா குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையில் இருந்தார்.

"போன் போட்டுச் சொல்லியாச்சுக்கா. ஜீப்பு கெடைச்சதும் எறங்கி வந்துருவாக. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். நான் அவள் விவரம் முழுவதையும் முதலில் பதிந்து, படத்துக்கும் ரேகைக்கும் மட்டும் இடம் விட்டுவைத்தேன். பிறகு வரிசையை எடுத்தேன். அன்றைக்கு நான் வேலை செய்த வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியவில்லை. மதியம் ஒரு மணிக்குப் பத்தொன்பது குடும்பம் முடிந்தது, பேட்டரி பதினேழு சதவீதம் என்றது. அப்பாவைக் காணோம். அணைத்து வைத்தால் திரும்பப் போடும்போது ஐந்து சதவீதம் போகும் என்பது என் நோட்டு. அணைக்காமல் தூங்க வைத்தால் சொட்டுச் சொட்டாக அதைவிட அதிகமாகப் போகும். அணைத்துவிட்டேன். மீதி ஒன்பது குடும்பமும் என்மேல் பாய்ந்தன.

"காலைலருந்து கால் கடுக்க நிக்கிறோமே, நாங்க என்ன மனுசங்க இல்லையா?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறினார். அண்ணன் குடையை மடக்கிவிட்டு இருந்ததை இருந்தபடி சொன்னார். இன்னும் ஒரு குடும்பத்துக்குத்தான் உயிர் இருக்கிறது, அதை அந்தப் பிள்ளைக்காக வைத்திருக்கிறோம் என்றார். வரிசையில் அடுத்ததாக நின்ற ஒரு பருத்த அம்மாள், கையிலிருந்த ரேஷன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏலே, சும்மா இருங்கடா. நமக்கு என்ன ஆபரேசனா தேதி குறிச்சிருக்கு? அந்தப் புள்ளைக்கு எடுத்துட்டு மிச்சம் இருந்தா எடுக்கட்டும், இல்லாட்டி அடுத்த தடவ பாப்போம்" என்றார். அதோடு சத்தம் அடங்கியது. ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அப்பா வந்து சேர்கிறாரா என்று பார்க்காமல் போக அவர்களுக்கு மனசில்லை. எனக்கும் அவர்களுக்கும் டீ வந்தது. இரண்டு மணி, மூன்று மணி என்று போனது.

நாலேகாலுக்கு அவர் ஓடிவந்தார். கம்பத்திலிருந்து யாருடைய பைக்கிலோ தொற்றி வந்திருக்கிறார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் லேப்டாப்பைப் போட்டேன். உள்ளேயிருந்து விர்ரென்று ஒரு சத்தம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாட்டுக் கேட்பதற்காக அவர் போட்ட சி.டி. உள்ளேயே கிடந்து, காலையில் கூட்டத்தின் இரைச்சலில் காதில் விழாமல், இப்போதும் சார்ஜைத் தின்றபடி கூடவே சுழன்றுகொண்டிருந்தது. திரை வந்தது. பன்னிரண்டு காட்டும் என்று இருந்தேன். ஒன்பது காட்டியது. பழைய பேட்டரி இப்படித்தான், கடைசியில் வாயில் வந்ததைச் சொல்லும். நான் அண்ணனைப் பார்த்த பார்வையில் அவர் குடைக்குள் ஒளிந்துகொண்டார்.

அம்மாவுக்கும் குழந்தைக்கும் ரேகை உடனே விழுந்தது. அப்பாவுக்கு விழவில்லை. ஏலக்காய் பறித்துப் பறித்துக் கட்டைவிரல் வழவழவென்றிருந்தது, மேலே கறை வேறு. பருத்த அம்மாள் எங்கிருந்தோ புளியும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து அவர் கையைப் பிடித்து, பாத்திரம் விளக்குவதுபோல் தேய்த்தார். மூன்றாவது தடவை விழுந்தது. ஆறு சதவீதம். கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேமராவைச் செருகினேன். அண்ணன் மூவரையும் சுவரோரம் நிறுத்தி எடுத்தார். ஆட்கள் இருந்தார்கள். குழந்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. அப்பா குனிந்திருந்தார்.

"இது போதும் அண்ணே. விடுங்க. சேவ் பண்றேன்" என்றேன். ஐந்து.

"இரு."

"அண்ணே, செத்துரும்!"

"இருன்னு சொல்றேன்ல" என்றார். என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பிறகு குழந்தையிடம் போய்க் குனிந்து, ரொம்பச் சாவகாசமாக, "பாப்பா, மலையிலருந்து ஒருத்தர் ஓடி வந்திருக்காகளே, அவுக யாரு? எனக்குத் தெரியல. நீ சொல்லு பாப்போம்" என்றார். குழந்தை தலையைத் தூக்கி, "எங்கப்பா" என்றது. அப்பா நிமிர்ந்தார். அதே நொடியில் அண்ணன் எனக்குக் கையைக் காட்ட, நான் தட்டினேன். மூன்று. சேமி என்பதை அழுத்தினேன். மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை கறுத்துவிட்டது.

சேமித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். "ஆயிருச்சு, நீ போம்மா" என்று பொய் சொன்னேன். தேனி போகும் பஸ்ஸில் லேப்டாப் பையை அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது படம் எடுக்காமல் இருந்திருந்தால் தாராளமாகச் சேமித்திருக்கலாம். ஒரு அழகு பார்க்கிற புத்தியால் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சின்னமனூர் தாண்டியதும் அவர் மெதுவாக, "இருக்கும் தங்கச்சி" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அலுவலகத்துக்குள் ஓடிப்போய்ச் சார்ஜரைச் செருகினேன். ஐந்தே முக்கால். பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் அந்தக் குடும்பம் இருந்தது, படத்தோடு. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அழுது முடித்த கையோடு அவரை எழுந்து நின்று திட்டவும் செய்தேன். அடுத்த வாரம் மீதி ஒன்பது குடும்பத்துக்கும் அதே ஊருக்குப் போய் எடுத்துவந்தோம். பருத்த அம்மாளைத்தான் முதலில் எடுத்தோம்.

மறு வருடம் ஒருநாள் அந்தப் பெண் தேனி அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே குழந்தை, நடந்து வந்தது. உதடு எல்லாப் பிள்ளைகளின் உதடுபோல் இருந்தது. அட்டையில் இருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் நைந்து, நடுவில் மடிந்து கிடந்தது. "இப்படியா வச்சிருக்கிறது?" என்று என் வழக்கப்படி கடிந்துகொண்டேன்.

"நான் வச்சிருந்தா நல்லாத்தேன்க்கா இருந்திருக்கும்" என்றாள். "ஆபரேசனுக்கு மொத நா வரைக்கும் அவுக கூட இருந்தாக. அப்புறம் எஸ்டேட்டுல கூப்புட்டாகன்னு போக வேண்டியதாப் போச்சு. இவ அப்பா வந்தாத்தேன் உள்ள போவேன்னு ஒரே அழுக. நர்சம்மாதேன் அட்டையக் காட்டி, இந்தா ஒங்கப்பா இங்கன இருக்காகளேன்னு சொன்னாக. அதக் கையில பிடிச்சவதேன். மயக்க ஊசி போடுற வரைக்கும் குடுக்கல. கசக்கிப்புட்டா."

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு மனிதர், புளியில் கழுவிய ஈரக் கையைச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மகள் தன்னை ‘எங்கப்பா’ என்று சொல்லிக் காட்டிவிட்ட சந்தோஷத்தில் நேராகப் பார்க்கிறார். நான் போதும் என்று சொன்ன முதல் படத்தில் அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார். உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

அண்ணன் அதற்குள் வேலையை விட்டுவிட்டுக் கம்பத்தில் மறுபடி கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற வார்த்தை அல்ல. அவர் ஒரு மணப்பெண்ணின் படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாப்பா நடந்தே வந்துச்சா?" என்றார்.

"நடந்தே வந்துச்சுண்ணே."