கசகசாக் கேக்கில் நெய்

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எல்லார் குசினி ஜன்னலும் ஒரே பக்கம்தான் பார்த்தன. என்ன சமைக்கிறோம் என்று ஒருவருக்கும் ஒளிக்க முடியாது. என் மீன்குழம்பு கீழே இறங்கும், கீழ்வீட்டின் கறுவாப்பட்டை வாசம் மேலே ஏறும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. இப்போது நினைத்தாலும் அந்தக் கறுவா வாசம்தான் முதலில் வருகிறது, முகங்கள் பிறகுதான் வருகின்றன.

கீழ்வீட்டுக்காரி ஒரு யூதப் பெண். கிட்டத்தட்ட என் வயது, நூலகத்தில் வேலை, தனி ஆள். கேக் சுடுவதென்றால் அவளுக்கு உயிர். தேன் கேக் சுடுவாள், அப்பிள் கேக் சுடுவாள், வெள்ளிக்கிழமைகளில் தலை பின்னுவதுபோல் மாவைப் பின்னிப் பாண் சுடுவாள். நான் வடையோடு கீழே போனால் கேக்கோடு மேலே வருவேன். என் மனுசன், இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து தன்னைக் கொழுக்க வைத்துத்தான் கொல்லப் போகிறார்கள் என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது நொர்வேஜிய மொழியில்தான். அதுவும் என்னுடையது கல்லும் முள்ளுமான நொர்வேஜியம். ஆனால் என் நினைவில் அவள் நல்ல யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறாள். நான் என்ன செய்ய, இத்தனை வருடத்தில் நினைவு தன்பாட்டில் மாற்றி வைத்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அந்த மாரியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் உறைபனியில் சறுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கையில் மாக்கட்டோடு ஒரு நாள் படியேறி வந்தாள். முகம் சரியில்லை. நோகிறதா என்று கேட்டேன். நோவில்லை, அண்ணன் வருகிறார் என்றாள்.

அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியும். ஸ்தவாங்கர் நகரத்தில் இருக்கிறார், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அவர்களின் தாய் இறந்த கிழமை கடலில் புயல். ஹெலிகொப்டர் எழும்பவில்லை, அவரால் கரைக்கு வர முடியவில்லை. அவர்களின் முறைப்படி உடலை அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. இவள் அவருக்காகக் காத்திருக்காமல் அடக்கம் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் இவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒஸ்லோவுக்கு வந்தாலும் தாயைப் புதைத்த சவக்காலைக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுவாராம்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கதையை அவள் முதன்முதல் சொன்னபோது நான் மனதுக்குள் அண்ணன் பக்கம்தான் நின்றேன். என் அப்பா ஊரில் செத்தபோது யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது. நான் இங்கே பனிக்குள் நின்றுகொண்டு தொலைபேசியில் பறைச் சத்தம் கேட்டேன். காத்திருக்கப்படாத பிள்ளையின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

இப்போது அவர் வருகிறார். பூரிம் என்று, பனிக்காலம் முடியும் தறுவாயில் வரும் அவர்களின் பண்டிகை. வேடமும் விளையாட்டும் பகிடியுமாகக் கொண்டாடுவார்களாம், பகலிலே விருந்து. அந்த முறை அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட வருகிறேன், சாப்பிட்டதும் ரயிலுக்குப் போய்விடுவேன் என்று அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"அம்மான்ரை கசகசாக் கேக் செய்யோணும்" என்றாள். "அதைச் சாப்பிட எண்டாவது கொஞ்சம் இருப்பார். அதுக்குள்ளை கதைக்காட்டி இனி எப்பவும் கதைக்கமாட்டம். இந்தக் கையோடை மாப் பிசையேலாது. நீ வாறியா?"

வராமல் இருப்பேனா. என் பொல்லாத வாய்க்கு நல்லதாகப் பதில் ஒன்றும் வரவில்லை. ஞாயிறு விடிய வந்து நிற்கிறேன், கத்தாமல் போய்ப் படு என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே மென்மையாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அலுமாரியைத் திறந்து சட்டிபானைகளைக் காட்டினாள். இந்தப் பக்கம் இறைச்சிக்கு, அந்தப் பக்கம் பால் சாமான்களுக்கு. ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது. இறைச்சி சாப்பிட்டால் பிறகு மூன்று மணித்தியாலம் போன பிறகுதான் பால் சேர்ந்த எதையும் தொடலாம், அது அவர்கள் வீட்டுக் கணக்கு. மற்றதெல்லாம் தங்கள் குடும்பத்தில் தேய்ந்துபோய்விட்டது, அண்ணன் இது ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். விருந்துக்குக் கோழி. ஆகவே கேக்கில் பாலும் கூடாது, வெண்ணெயும் கூடாது, மரக்கறி எண்ணெய்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டி பிரிக்கிறதைப் பற்றி யாழ்ப்பாணத்துச் சைவக்காரிக்குப் பாடமா? எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சக் கரண்டியை மாற்றி வைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டினவள் நான். எல்லாம் எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு என்று அவளை நாற்காலியில் இருத்தினேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

கசகசா என்றால் எங்களுக்கு வெள்ளை. அவளுடையது கறுப்பு, நீலம் படிந்த கறுப்பு. அதை அவள் இடது கையால் சின்ன ஆலையில் போட்டுச் சுற்ற, ஈர மண் மாதிரி ஒரு வாசம் குசினி முழுக்க எழும்பியது. தேனும் திராட்சை வற்றலும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துத் தண்ணீரில் காய்ச்சினோம். நான் மாவைப் பிசைந்து பொங்க வைத்தேன். துணிக்கடியில் அது மெதுவாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே சூடு, மாவின் புளிப்பு வாசம். நான் அந்த நாற்காலியில் கொஞ்சம் தூங்கிப்போனேன் என்றுதான் நினைக்கிறேன். கனவில் அப்பா வந்து என்ன பிள்ளை மணக்குது என்று கேட்டார்.

பிறகு மாவைத் தட்டையாக உருட்டி, கசகசாவைப் பூசி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அடுப்பில் வைத்தோம். வெந்து வந்ததைப் பார்த்தால் எனக்குத் திருப்தியில்லை. மேல்பக்கம் காய்ந்து வெளிறிக் கிடந்தது. அவள் உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தாள். நான் விறுவிறென்று என் வீட்டுக்கு ஏறி, வெள்ளிக்கிழமை உருக்கின நெய்ப்போத்தலைக் கொண்டுவந்து, சூட்டோடு சூடாக நாலு கரண்டி விட்டுக் கையால் தடவினேன். கேக் பளபளவென்று வந்தது. பால் கூடாது, வெண்ணெய் கூடாது. நெய்யைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நெய் சாமிக்கு விளக்கேற்றுகிற சாமான், அது சேர்ந்தால் எதுவும் சுத்தமாகும் என்றுதான் என் மண்டையில் இருந்தது.

அண்ணன்காரர் வந்தார். பெரிய உருவம், கடற்காற்றில் அடிபட்ட முகம், வாயைத் திறக்காத மனுசன். தன் சப்பாத்தை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்தார், உடனே போட்டுக்கொண்டு போவதற்கு. அதைக் கண்டதும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. என்னையும் சாப்பிட இருத்தினார்கள். கோழி, கிழங்கு, கரட். வானிலையைப் பற்றிக் கதைத்தார்கள். உப்பை எடு, இந்தா என்றார்கள்.

சாப்பிட்ட கோப்பைகளை எடுத்துவிட்டுக் கேக்கைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் குனிந்து மணந்தார். முகம் ஒரு கணம் இளகியது. பிறகு நெற்றி சுருங்கியது.

"இதிலை வெண்ணெய் இருக்கு" என்றார்.

இல்லை, எண்ணெய்தான் என்றாள் அவள். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே. அது நெய், நான்தான் மேலே பூசினேன் என்று பெருமையாகச் சொன்னேன். நெய் என்றால் என்ன என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெண்ணெயை அடுப்பில் வைத்து உருக்கி, என்று தொடங்கினேன். அந்த இடத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"அம்மான்ரை கேக்" என்றாள் அவள். "அதுவும் போயிட்டுது."

அழக்கூட இல்லை, அப்படிச் சொன்னாள். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேலும் வந்தது. நாலு கரண்டி நெய்யால் உலகம் அழிந்துபோகுமா, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் என்ன என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கேக்கை நெடுநேரம் பார்த்தார்.

"மூண்டு மணித்தியாலம் தானே" என்றார். "இருக்கிறன். ராத்திரி ரயில் ஒண்டு இருக்கு."

நான் எழும்பி வீட்டுக்குப் போகப் பார்த்தேன், அவள் மாக்கட்டுக் கையால் என்னை மறித்தாள். சரியென்று குசினியில் கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. அவர் சோபாவில் கண்ணயர்ந்தார். அவள் ஒற்றைக் கையால் போர்வையை இழுத்து இழுத்து அவர் கால் வரை மூடினாள். பனி கொட்டிக்கொண்டே இருந்தது. நேரமே நகரவில்லை, வீடு முழுக்க நீருக்குள் இருப்பதுபோல் ஒரு அமைதி. எனக்குப் பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"நீ எனக்காகக் காத்திருந்திருக்கலாம்."

முறை அப்படி, சட்டம் அப்படி என்று அவள் சொல்வாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் என்னிடம் சொன்னதெல்லாம் அதுதான்.

"ஓம்" என்றாள் அவள். "காத்திருந்திருக்கலாம். அம்மாவோடை தனிய இருக்கப் பயந்திட்டன் அண்ணா."

அதற்குமேல் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று நானும் நன்றாக அழுதேன். அப்பாவுக்காகத்தான் அழுதேன், அவர் செத்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

வெளிச்சம் மங்கும் நேரம் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. அவர் கேக்கை வெட்டி முதல் துண்டைத் தங்கைக்கு வைத்தார். மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, அம்மாவின் கேக் இப்படி இருக்காது என்றார். பிறகு இன்னொரு துண்டு எடுத்தார். அவள் அவரோடு ஸ்டேஷன் வரை பனிக்குள் நடந்து போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அடுத்த வருடம் அதே காலம். அவள் கை எப்போதோ சுகமாகிவிட்டது, கேக்கைத் தானே செய்துகொள்வாள் என்றுதான் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவள், கையில் ஒரு வெறும் கோப்பை.

"அண்ணா வாறார். நெய் கொஞ்சம் தா" என்றாள்.

மீனா சமைக்கிறாய், மீனென்றால் உங்களுக்குப் பாலோடு சேரலாமே என்று கேட்டேன். இல்லை, கோழி என்றாள்.

பைத்தியமா உனக்கு, அப்படியென்றால் அவர் திரும்பவும் மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டுமே என்றேன். அவள் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. ஏன் என்னிடம் வருகிறாய், உன் குளிர்ப்பெட்டியில் வெண்ணெய் இல்லையா என்று கேட்டேன்.

"வெண்ணெய் போட்டால் நான் வேணுமெண்டு செய்தது" என்றாள். "நெய் எண்டால் உன்ரை பிழை."

நான் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் வந்தபோது மாடிப்படியில் எதிர்ப்பட்டேன். கீழ்வீட்டு வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், உள்ளேயிருந்து வரும் வாசத்தை ஒருமுறை இழுத்தார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சப்பாத்தின் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்.