நதியாவின் விடைத்தாள்

வேறு பள்ளிகளுக்குத் தேர்வு நடத்தப் போகும்போதெல்லாம் விதிமுறைத் தாளை நான் முதலில் சத்தமாக வாசிக்க வேண்டும். உறையின் முத்திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். வகுப்பாசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. வினாத்தாளைப் படம் எடுக்கக் கூடாது. எத்தனை கொடுத்தோமோ அத்தனையையும் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளைதான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி வரி வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். யாரும் கவனிப்பதில்லை. காலையில் இரண்டு பஸ் மாறி வந்த அலுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் உண்மைதான்.

குரல் இறங்குவதற்குக் காரணம் ஒரு பழைய தேர்வு. அப்போது நான் மாமல்லபுரத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி பிறக்கிற நேரம். அம்மாவைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா ஷேர் ஆட்டோவையும் ஆஸ்பத்திரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததால், என்னைத் திருக்கழுக்குன்றத்தில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார். பத்து நாள் பள்ளிக்கூடம் இல்லை என்று சந்தோஷமாக வந்தேன். அது தப்புக் கணக்கு. சித்தி ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று தினமும் கூடவே அழைத்துப் போய்விட்டாள்.

கிராமத்துப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது பயிற்சிக்குப் போயிருப்பார். மிச்சமிருந்த சித்தி ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பையும் வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு, இரண்டாவதுக்கு வாய்ப்பாடு சொல்லியபடியே நான்காவதின் நோட்டைத் திருத்துவாள். இடையில் சத்துணவு முட்டைக் கணக்கு, செருப்பு அளவு, சாதிச் சான்றிதழ். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பாள்.

அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்த தோழி நதியா. ஐந்தாம் வகுப்பு. என்னைவிட ஒரு சாண் குள்ளம், என்னைவிட மூன்று மடங்கு வாய். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சவுக்கு வெட்டப் போகிறவர்கள். தோப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பமே போய்க் குடிசை போட்டுவிடும். வருஷத்தில் நாலைந்து மாதம் அவள் பள்ளிக்கு வருவதில்லை. கட்டைகளை அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். எழுத்து மட்டும் வராது. ஆனால் அது சட்டென்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் வாசிக்கும்போது காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, தன் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பாள். பக்கத்தை மட்டும் ஒரு வரி முன்னாலேயே திருப்பிவிடுவாள். சித்திக்கு அது தெரியும். "உன்ன தனியா வச்சி சொல்லித் தரணும்டி" என்பாள். அதற்குள் ஒன்றாம் வகுப்பில் எவனாவது அழுவான்.

ஒருநாள் மதியம் போன் வந்தது. மறுநாள் மாநிலம் முழுக்க மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் தேர்வு. சித்தியின் பள்ளியும் அதில் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்குத் தமிழும் கணக்கும். வெளியாள் ஒருவர் வந்து நடத்துவார்.

அன்றைக்கு வீட்டில் சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தப்பாவிடம் பேசினாள். போன வருஷமும் இந்தத் தேர்வு வந்ததாம். மார்க்கு குறைந்த பள்ளிகளின் பெயரைக் கூட்டத்தில் வாசித்து, தலைமை ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். சித்தி கடைசி வரை நின்றிருக்கிறாள்.

"ஏழு புள்ளைங்க. அதுல ஒண்ணு படிக்கலன்னா சராசரி அப்படியே வுழுந்துடுது. இன்னொரு தபா என்னால நிக்க முடியாதுங்க."

"பாத்துக்கலாம் வுடு" என்றார் சித்தப்பா. அவருக்கும் அலுப்பு.

காலையில் பஸ் ஸ்டாப்பில் சித்தி என் தலையைத் தடவினாள். வழக்கமில்லாத வழக்கம். "கண்ணு, இன்னிக்கி ஒரு நாளு நீ நதியாவா உக்காந்துக்கிறியா?" என்றாள். எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாடகத்தில் வேஷம் கிடைத்த மாதிரி இருந்தது. நான் ஆறாவது, கேள்வி ஐந்தாவது. இதைவிட நல்ல வேஷம் யாருக்குக் கிடைக்கும்?

அரிசி மூட்டை வைக்கிற அறையில் நானும் நதியாவும் துணி மாற்றிக்கொண்டோம். அவளுடைய சீருடைப் பாவாடை எனக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. இடுப்புக் கொக்கி எட்டாமல் சித்தி ஊக்கு குத்தினாள். என் மஞ்சள் பிராக் அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "இத்த நானே வச்சிக்கவா?" என்றாள். சித்தி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், பூண்டு உரித்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும், கூப்பிடுகிற வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்ற ஆறு பேரிடமும் ஏதோ சொல்லியிருந்தாள். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு பார்க்காமல் இருந்ததே சந்தேகம் தருகிற மாதிரி இருந்தது.

வந்தவர் ஆசிரியர் பயிற்சி படிக்கிற இளைஞர். சட்டை முதுகில் வேர்வை ஒட்டியிருந்தது. உறையைத் தூக்கிக் காட்டி, "சீல் ஒடையாம கீது, பாத்துக்கோங்க" என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, "டீச்சர், நீங்க வெளிய இருக்கணும். ரூல்ஸ்" என்றார். சித்தி வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்காமல், அதற்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள்.

பெயர் கூப்பிட்டார். "நதியா."

நான் சும்மா இருந்தேன். பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தேன்.

"உன் பேரு நதியாவா?"

"ஆமா சார்."

"அப்பா இன்னா பண்றாரு?"

"ஆட்டோ ஓட்றாரு சார்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். அதில் கூலி என்று இருந்திருக்கும். என் பாவாடையைப் பார்த்தார். இடுப்பில் ஊக்கைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெயிலில் நின்ற சித்தியையும் பார்த்தார். முன்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, உக்காரு" என்றார். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஒரு பள்ளி பாக்கி இருந்திருக்க வேண்டும்.

வினாத்தாளில் ஒரு கதை. புளியங்கொட்டைகளைப் புதைத்து வைத்த அணில் எங்கே புதைத்தோம் என்று மறந்து போய், ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு போகும். கதையைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். கணக்கையும் சேர்த்து நான் எல்லாவற்றையும் எழுதினேன். நேரம் மிச்சமிருந்ததால் நதியா என்ற பெயரின் மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டி அழகாக்கினேன். அவர் ஏழு தாளையும் எண்ணி, உறையில் போட்டு ஒட்டி, சித்தியைக் கூப்பிட்டார். தேர்வு முறையாக நடந்தது என்று அச்சடித்த படிவத்தில் சித்தி கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். என்னை ஒன்றும் பாராட்டவில்லை. அது எனக்கு வருத்தம்.

நதியா சமையலறையிலிருந்து வந்தபோது பிராக்கின் முன்னால் மஞ்சள்தூள் கறை. கழற்ற மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தாள்.

"எனுக்கு எம்மாம் மார்க்கு வரும்?"

"முழுசா வரும்" என்றேன்.

அவள் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடினாள், அம்மாவிடம் சொல்ல.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகுதான் சித்தி சொன்னாள். துணி மடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அந்த வருஷம் கூட்டத்தில் அவளை யாரும் நிற்க வைக்கவில்லை. சில மாதம் கழித்து, தேர்வில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் தனியாக வாசிப்புச் சொல்லித்தர ஆள் அனுப்பினார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வந்தார்கள். சித்தியின் பள்ளியிலிருந்து பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. சித்தி அலுவலகத்துக்குப் போய், எங்களிடமும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு எழுத்து வரவில்லை என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்தவர் மார்க்குப் பட்டியலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நதியாவா? அதாம்மா உங்க ஸ்கூல்லயே மொத மார்க்கு" என்றாராம்.

"அதுக்கு மேல நான் இன்னான்னு சொல்றது?" என்றாள் சித்தி. மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தாள். "நானே சொல்லித் தரலாம்னு பாத்தேன். எங்க முடிஞ்சிது." நதியா எட்டாவதோடு நின்றுவிட்டாளாம். இப்போது எங்கே இருக்கிறாள் என்று சித்திக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தேர்வுக்கு மறுநாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பி பிறந்துவிட்டான் என்று அப்பா போன் செய்திருந்தார். பத்து மணிக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் பள்ளிப் படியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். நதியா தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். இதுவரை யாரும் வகுப்பில் வாசிக்காத ஒரு பாடத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"நேத்து நான் எப்டி படிச்சேன்? காட்டு" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நிறுத்தாமல், மூச்சு விடாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வாசித்தேன். அவள் விரலை முதல் எழுத்தின் மேல் வைத்திருந்தாள். நான் பக்கத்தை முடித்தபோதும் அந்த விரல் அதே எழுத்தின் மேல்தான் இருந்தது. "மெதுவா" என்றாள். நான் மறுபடியும் அதே வேகத்தில் வாசித்தேன். என் வேகத்தைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மூன்றாவது முறை ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். வாசலில் அப்பாவின் ஆட்டோ ஹாரன் கேட்டது. புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, தம்பியைப் பார்க்க ஓடினேன்.