ஒரே சட்டியில் ஜப்பான்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலத்தில், ஜப்பானில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே காலங்காலமாக எவ்வளவு தூரம் என்று அளக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஜப்பானைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் எங்கள் வீட்டு ரேடியோவும் அம்மாவின் நைலெக்ஸ் சேலையும்தான். அது போதும் என்று நினைத்தேன். டோனற் என்கிற இனிப்பு வடை விற்கும் கடையில் நிலம் துடைப்பதிலிருந்து தப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் திரும்பவும் வாளியும் துடைப்பானும்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு ஜப்பானியப் பேராசிரியர். முதல் நாளே ஒரு தாளில் கோடு கீறி விளக்கினார். ஆட்களை ஏழையில் தொடங்கி வரிசையாக நிற்க வைத்து, அவர்களுடைய நிலத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லோரிடமும் சமமாக இருந்தால் கோடு நேராக ஏறும். இல்லாவிட்டால் தொய்யும். தொய்வு எவ்வளவோ அவ்வளவு ஏற்றத்தாழ்வு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் பல்கனிக் கொடியில் ஈரப் போர்வை போட்டால் நடப்பதும் இதுதான்.

பழைய கிராமப் பதிவேடுகளை யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டு இலக்கம், பெயர், நிலம். அதைப் பார்த்துக் கணினியில் தட்டுவதுதான் என் வேலை. அநேக வீடுகளில் மூன்று நாலு பேர் இருந்தார்கள். மூத்தவன் பெயரில் நிறைய நிலம், மற்றவர்கள் பெயரில் ஏதோ கொஞ்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அபார்ட்மெண்டும் அண்ணையின் பெயரில்தான் இருந்தது. அண்ணை, அண்ணி, நான், அண்ணையின் கூட்டாளிகள் நாலு பேர் என்று ஏழு பேர் அதில் இருந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். பெயர் ஒரு ஒப்புக்குத்தானே! ஆகவே ஒவ்வொரு வீட்டு நிலத்தையும் கூட்டி, அங்கே இருந்தவர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தட்டினேன். கேட்காமல் செய்த உதவி.

மூன்றாம் மாதக் கடைசியில் கோடு அச்சாகி வந்தது. ஏறக்குறைய நேர்கோடு! தலைக்கு இவ்வளவு என்று பிரித்த பிறகு வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. பேராசிரியர் தாளைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்தில் ஓடினார், பக்கத்து அறைக் கதவுகளையெல்லாம் தட்டினார், கேக் வாங்கி வந்தார். எனக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. திரும்பி வருகையில், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன். ஒரு நாட்டையே சமமாக்கியவள் வேறென்ன செய்வாள்?

அடுத்த நாள் அவர் மேசையில் என் தாள்களும் பதிவேடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வாளி கண்முன்னே வந்தது. நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அண்ணையின் பெயர், ஏழு பேர், ஒரே சட்டி, எல்லாவற்றையும் என் ஓட்டை ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் சட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவா?”

“யெஸ்” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். ஆண்கள் ஐந்து பேரும் முதலில் சாப்பிடுவார்கள். மீனின் நடுத்துண்டுகள் அவர்களோடு போய்விடும். அண்ணியும் நானும் கடைசியில் சட்டியை வழித்து, குழம்பில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுவோம். இதை நான் ஒருநாளும் ஏற்றத்தாழ்வு என்று நினைத்ததேயில்லை. வெட்கமாக இருந்தது.

“அளந்து பார்த்ததில்லை” என்றேன்.

“நாங்களும்தான்” என்றார். “பதிவேட்டில் வீட்டு வாசல்வரைதான் தெரிகிறது. உள்ளே யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது.” எல்லாவற்றையும் உள்ளபடியே மறுபடி தட்ட வேண்டும் என்றார். அதற்கு இன்னும் ஆறு மாதமாவது பிடிக்கும்; இந்தக் குழப்பத்தை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் நான்தான் இருக்க வேண்டுமாம். பிழை விட்டதற்கு வேலை நீடிப்பு! மாடிப்படியில் இரண்டு இரண்டாகப் பாய்ந்து இறங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் விளைமீன் குழம்பு. சட்டியை இறக்கிய கையோடு மிகப் பெரிய நடுத்துண்டை அண்ணியின் தட்டில் வைத்தேன். அடுத்ததை என் தட்டில் வைத்தேன். ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

“உதென்ன பிள்ளை புதுப் பழக்கம்?” என்றார் அண்ணை.

“வேலை விசயம் அண்ணை. அளந்து பாக்கிறன்.”

“உன்ர வேலை ஜப்பானிலயெல்லோ?”

“ஓம். இனி இஞ்சயும்தான்.”

அண்ணி ஐந்து பேருக்கும் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுடச்சுட மீனைப் பிய்த்து வாயில் வைத்தார். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் சாப்பிடுவதை அண்ணை பார்த்தது அன்றைக்குத்தான்.